பொன்னியின் செல்வனை மறுபடியும் படிக்கப் போகிறீர்களா?

முடிந்தால் சிறுவயதில் படித்த அதே பிரதியைத் தேடி எடுங்கள். என்னுடையது, 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடரைப் பாட்டி கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து வைத்த கட்டு. மணியம் வரைந்த நந்தினியின் ஓரத்தில் மஞ்சள் கறை ஒன்று இருக்கிறது. பாட்டியின் கட்டைவிரல் அது.

ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். வாரக்கணக்கில் காத்திருந்து படித்த கதை. இரவுக்கு இரண்டு அத்தியாயம் போதும். ஐந்து பாகமும் முடிய ஐந்து மாதம் ஆகும், ஆகட்டும்.

அன்று தாண்டிப் போன பக்கங்களில் இப்போது நில்லுங்கள். இதுதான் முக்கியம். பன்னிரண்டு வயதில் வந்தியத்தேவனின் குதிரை ஓடும் வரைதான் எனக்குக் கதை. இப்போது, நடமாட முடியாமல் தஞ்சை அரண்மனையில் படுத்திருக்கும் சுந்தர சோழரிடமே மனம் போய் நிற்கிறது. என் அப்பாவும் கடைசி இரண்டு வருடம் கட்டிலில்தான் இருந்தார். அந்த அத்தியாயங்களை அவர் கட்டில் கிடந்த அறையில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்தேன்.

பாதிக் கதையில் ஒருநாள் காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ் ஏறுங்கள். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வியந்து பார்த்த வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம். பக்கத்திலேயே உடையார்குடி சிவன் கோயில். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள் அங்கே கல்வெட்டில் இருக்கின்றன. அவர்களில் ஒருவன் ரவிதாசன். கதையில் சதிகாரனாக வரும் அவனைக் கற்பனைப் பாத்திரம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்தச் சுவரின் முன் நின்றபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.