செங்குத்து அணி என்று சொன்னதும் நம்பிவிடாதீர்கள்: சிறப்பு அணிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் எழுதிய புரோகிராமைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி அதில் இருந்தது, அதே தவறோடு. இரண்டு பேருமே கணிதத்தில் கெட்டிக்காரர்கள். சமச்சீர் அணி, செங்குத்து அணி, முக்கோண அணி என்று அணி (மேட்ரிக்ஸ்) வகைகளில் எதைக் கேட்டாலும் வரையறையைப் பிசகாமல் சொல்வார்கள். வரையறை தெரிந்தவர்களே இங்கே சறுக்குவதால்தான் இதை எழுதுகிறேன்.

ஏ பி-யும் பி ஏ-யும் ஒன்றல்ல, நிரையை நிரலோடுதான் பெருக்க வேண்டும் என்பதெல்லாம் பிளஸ் டூவிலேயே மண்டையில் ஏறியிருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

செங்குத்தாக இருந்தால் மட்டும் செங்குத்து அணி ஆகிவிடாது

ஓர் அணியை அதன் நிரைநிரல் மாற்றோடு பெருக்கினால் அலகு அணி வர வேண்டும். அப்போதுதான் அது செங்குத்து அணி. இதற்குள் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. நிரல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிரலின் நீளமும் 1 ஆக இருக்க வேண்டும். பெயர் முதல் நிபந்தனையை மட்டும்தான் சொல்கிறது. இரண்டாவது, அவசரத்தில் மறந்துபோகிறது.

முதல் நிரை 1, 1. இரண்டாம் நிரை 1, −1 என்ற அணியை எடுத்துக்கொள்ளுங்கள். நிரல்கள் செங்குத்துதான். ஆனால் நிரைநிரல் மாற்றோடு பெருக்கினால் மூலைவிட்டத்தில் 2, 2 என்று வரும். எல்லா உறுப்புகளையும் √2 ஆல் வகுத்தால்தான் அது செங்குத்து அணி. இப்படி 1, −1 மட்டுமே கொண்டு, நிரைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்தவற்றை ஹடமார்ட் அணிகள் என்பார்கள். 1850-இல் 'மேட்ரிக்ஸ்' என்ற சொல்லைக் கணிதத்துக்குக் கொடுத்த சில்வெஸ்டர், 1867-லேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். 1971-இல் செவ்வாயை அடைந்த மரினர் 9 விண்கலம், படங்களைப் பிழையில்லாமல் பூமிக்கு அனுப்ப 32 வரிசை ஹடமார்ட் அணியிலிருந்து உருவான குறியீட்டைத்தான் பயன்படுத்தியது. அந்த அணியை அதன் நிரைநிரல் மாற்றோடு பெருக்கினால் கிடைப்பது அலகு அணியின் 32 மடங்கு. அந்த 32 ஆல் வகுக்க மறந்தால் நேர்மாறு கிடைக்காது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இயந்திர உதிரிபாகங்களைக் கேமராவில் படம்பிடித்து அளக்கும் மென்பொருள் அது. படத்தில் தெரியும் புள்ளியை மேசையின் மில்லிமீட்டர் கணக்குக்கு மாற்ற ஓர் அணி. மேசையிலிருந்து படத்துக்குத் திரும்ப அதன் நேர்மாறு. "சுழற்சி அணிக்கு நேர்மாறு கண்டுபிடிக்கத் தேவையில்லை, நிரைநிரல் மாற்றே போதும், வேகமாகவும் இருக்கும்" என்று படித்திருந்தேன். அது உண்மைதான். அப்படியே எழுதினேன். சோதனைகள் எல்லாம் சரியாக வந்தன.

நான் கவனிக்காதது ஒன்று. என் அணியில் சுழற்சி மட்டும் இல்லை, கேமராவின் அளவுத் திருத்தமும் அதற்குள்ளேயே கலந்திருந்தது. சோதனைக்கு நான் வைத்திருந்த படங்களில் அந்தத் திருத்தம் சரியாக 1. களத்தில் இருந்த கேமராவில் 1.002. நிரைநிரல் மாற்றில் அந்த 1.002 வகுபடாது, இன்னொரு முறை பெருக்கப்படும். போய்த் திரும்பினால் 1.002-இன் வர்க்கம், அதாவது 1.004004. 100 மில்லிமீட்டர் நீளம் திரும்பி வரும்போது 100.4 ஆகிவிடுகிறது. நல்ல பாகங்கள் 'அளவு தவறு' என்று ஒதுக்கப்பட்டன.

மூன்று வாரம் தேடினோம். லென்ஸை மாற்றினோம். அறையின் வெப்பநிலையைக் குறித்துவைத்தோம். மேசையின் போல்ட்டுகளைக்கூட இறுக்கிப் பார்த்தோம். அணியின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. சுழற்சியோடு சீரான அளவு மாற்றம் கலந்தால் கோணங்கள் எதுவும் மாறாது. வட்டம் வட்டமாகவே இருக்கும், செங்கோணம் செங்கோணமாகவே இருக்கும். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். நீளம் மட்டும் பொய் சொல்லும். அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றும் 25.4 அந்த இடத்தில் இருந்திருந்தால் அளவு 645 மடங்கு ஆகி, முதல் நாளே மாட்டியிருக்கும். 1.002 என்பதால்தான் மூன்று வாரம் போயிற்று. இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

அப்புறம் நான் செய்த திருத்தமும் தவறு. அணிக்கோவையின் மதிப்பு 1 ஆக இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும் வரியைச் சேர்த்தேன். செங்குத்து அணியின் அணிக்கோவை 1 அல்லது −1 என்பது உண்மை. ஆனால் அணிக்கோவை 1 ஆக இருப்பதெல்லாம் செங்குத்து அணி அல்ல. மூலைவிட்டத்தில் 2, ½ உள்ள மூலைவிட்ட அணியின் அணிக்கோவை 1. அது வட்டத்தை நீள்வட்டமாக இழுத்துவிடும். புதிதாக வந்த இருவரில் ஒருவர் இதே சோதனையைத்தான் எழுதியிருந்தார்.

செய்ய வேண்டியது இதுதான்: நிரைநிரல் மாற்றை அணியோடு பெருக்குங்கள், அதிலிருந்து அலகு அணியைக் கழியுங்கள், மிஞ்சும் உறுப்புகளில் எண்ணளவில் பெரியது எவ்வளவு என்று பாருங்கள். அது பூச்சியத்தை ஒட்டி இல்லையென்றால் நிரைநிரல் மாற்றை நேர்மாறாக எடுக்காதீர்கள். சுழற்சி, அளவு மாற்றம் இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பது இன்னும் நல்லது. சுழற்சிகளை ஆயிரக்கணக்கில் தொடர்ந்து பெருக்கும் இடத்தில், தசம இலக்கங்களைச் சுருக்குவதால் வரும் சிறு பிழை சேர்ந்து சேர்ந்து நல்ல செங்குத்து அணியும் கெட்டுப்போகும். அங்கே இந்தச் சோதனையை அவ்வப்போது ஓட்டுங்கள்.

இரண்டு சமச்சீர் அணிகளின் பெருக்கல்

சமச்சீராக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. இடம் மாற்றிப் பெருக்கினாலும் ஒரே விடை வந்தால் மட்டுமே இருக்கும்.

எதிர் சமச்சீர் அணியின் மூலைவிட்டம்

நிரைநிரல் மாற்றினால் எல்லா உறுப்புகளின் குறியும் எதிராகும் அணி இது. மூலைவிட்டம் பூச்சியம். எப்போதும், மெய்யெண்களில்.

வர்க்கத்தைப் பார்த்து அணியை முடிவு செய்வது

ஓர் அணியை அதனோடே பெருக்கினால் அதே அணி வருகிறது என்றால், அது பூச்சிய அணி அல்லது அலகு அணி என்று எழுதிவிடுகிறார்கள். எண்களில் பழகிய பழக்கம். முதல் நிரை 1, 1. இரண்டாம் நிரை 0, 0. இதன் வர்க்கம் இதுவேதான். அணிக்கோவை பூச்சியம் இல்லை என்று தெரிந்தால் மட்டும் அலகு அணி என்று சொல்லலாம்.

உறுப்புகள் நேர்மமாக இருந்தால் மட்டும் பாசிட்டிவ் டெஃபனிட் ஆகிவிடாது

முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 2, 1. எல்லாம் நேர்ம எண்கள். அணியால் பெருக்கும்போது சில திசையன்கள் வெறும் எண் மடங்காக மாறும், அந்த எண்கள்தான் ஐகன் மதிப்புகள். சமச்சீர் அணியில் அவை எல்லாமே பூச்சியத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் அது பாசிட்டிவ் டெஃபனிட். இங்கே அவை 3, −1. அதே சமயம் முதல் நிரை 2, −1, இரண்டாம் நிரை −1, 2 என்ற அணியில் குறை எண்கள் இருந்தும் ஐகன் மதிப்புகள் 1, 3. கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. நடைமுறையில் சோலெஸ்கி முறையில், அதாவது ஒரு கீழ் முக்கோண அணியும் அதன் நிரைநிரல் மாற்றும் சேர்ந்த பெருக்கலாக, பிரித்துப் பார்ப்பதே சுலபம். பிரிந்தால் பாசிட்டிவ் டெஃபனிட். சோலெஸ்கி 1918-இல் போரில் இறந்த பிரெஞ்சு ராணுவ அதிகாரி. நில அளவைக் கணக்குகளுக்காக அவர் வகுத்த இந்த முறை 1924-இல்தான் அச்சில் வந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: பைத்தான் மொழியின் நம்பை (NumPy) நூலகம் அணி சமச்சீரா என்று பார்ப்பதே இல்லை. வழக்கமாகக் கீழ் முக்கோணத்தை மட்டும் படித்துவிட்டு விடை தந்துவிடும். சமச்சீரை முதலில் நீங்கள் சோதித்திருக்க வேண்டும்.

கலப்பெண் வந்ததும் பழைய விதிகளை அப்படியே எடுத்துப்போவது

மெய்யெண் சமச்சீர் அணிக்கு ஐகன் மதிப்புகள் எல்லாம் மெய்யெண்களே. அதை எப்போதும் மூலைவிட்ட வடிவுக்குக் கொண்டுவரலாம். கலப்பெண் சமச்சீர் அணிக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. கற்பனை அலகை ஐ என்று எழுதினால், முதல் நிரை 1, ஐ, இரண்டாம் நிரை ஐ, −1 என்ற அணி சமச்சீர்தான். ஆனால் அதன் வர்க்கம் பூச்சிய அணி. மூலைவிட்ட வடிவம் அதற்கு இல்லை. அந்த உத்தரவாதம் ஹெர்மிஷியன் அணிக்கு உண்டு, அதாவது நிரைநிரல் இடம் மாற்றியதோடு இணை எண்ணும் எடுத்தால் அதே அணி வர வேண்டும். மாட்லாப் (MATLAB) மென்பொருளில் அணியின் பெயருக்குப் பின் மேற்கோள் குறி ஒன்று போட்டால் இரண்டும் சேர்ந்து நடக்கும், முன்னால் புள்ளி வைத்தால் இடம் மட்டும் மாறும். நம்பையில் 'டி' (.T) இடத்தை மட்டும்தான் மாற்றும். இணை எண்ணைத் தனியாக எடுக்க வேண்டும். மாட்லாபில் எழுதியதை நம்பைக்கு மாற்றும்போது முதலில் இந்த வரிகளைத் தேடிப் பாருங்கள்.