கோடியக்கரைக்கு பறவை பாக்கப் போறீங்களா, முதல்ல தண்ணிய விசாரிங்க

கோடியக்கரை சரணாலயத்துக்குப் போயிட்டு "ஒண்ணுமே இல்லப்பா, வெறும் பொட்டல்"னு திரும்பி வர்றவங்க நெறைய பேரு இருக்காங்க, நானும் முதல் தடவ அப்படித்தான் வந்தேன். மே மாசத்துல காலைல 11 மணிக்கு போய் நின்னா கானலைத் தவிர வேற என்ன தெரியும்? வழில பாத்தவங்ககிட்டல்லாம் பறவை எங்க இருக்குன்னு கேட்டு அலைஞ்சேன், அதுதான் தப்பு. தண்ணி எந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் நிக்குதுன்னு கேட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்.

எல்லாம் கால் நீளக் கணக்கு. பூநாரைக்கு, அதான் ஃபிளமிங்கோவுக்கு, கால் நீளம், அதனால முழங்கால் ஆழத் தண்ணில நின்னு தலையத் தலைகீழா கவுத்து சேத்தையும் தண்ணியையும் அலகால அரிச்சு சாப்பிடும், ஆழம் அதிகமானா அது அங்க நிக்காது. உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி குட்டிப் பறவைகளுக்கு சேறு மேல ஒரு விரக்கடை தண்ணி போதும். வாத்துங்க ஆழமான இடத்துல மிதக்கும். ஐப்பசி கார்த்திகைல நல்ல மழை அடிச்சா சதுப்பு முழுக்க வெள்ளமா பரவிடும், பறவையும் அங்கங்க சிதறிடும். பொங்கலுக்கு அப்பறம் தண்ணி வத்த வத்த மிச்சமிருக்கிற இடத்துல எல்லாம் ஒண்ணா கூடும். நவம்பர்லேருந்தே சீசன்தான், ஆனா என்னைக் கேட்டா ஜனவரி கடைசி, பிப்ரவரி.

வேதாரண்யத்துலேருந்து 11 கிலோமீட்டர்தான், பஸ் இருக்கு. ரயில்னா திருத்துறைப்பூண்டிலேருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் லைன் இருக்கு, அங்கேருந்து ஆட்டோ புடிக்கணும். ராத்திரி வேதாரண்யத்துல தங்கிட்டு விடிய முன்னாடியே கெளம்புங்க. செக்போஸ்ட்ல டிக்கெட் எடுக்கும்போதே அங்க இருக்கிறவங்ககிட்ட "அண்ணே இந்த வாரம் தண்ணி எந்தப் பக்கம் நிக்குது, பூநாரை எங்க இறங்குது"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. உப்பளத்துல வேலை பாக்கறவங்க இதைவிட சரியா சொல்லுவாங்க, தினமும் அந்த வரப்புலயே நடக்கறவங்க இல்லையா. ஆனா அளம் தனியாருதா இருக்கும், கேக்காம வரப்புல ஏறி நடக்காதீங்க.

சேத்த மட்டும் நம்பாதீங்க. மேல உப்பு பூத்து வெள்ளையா காஞ்ச தரை மாதிரி இருக்கும், கால வச்சா அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ள கருப்பா களி. ஒரு பூநாரைக் கூட்டத்த இன்னும் கொஞ்சம் கிட்ட போய் போட்டோ எடுக்கலாம்னு நாலு எட்டு வச்சேன், முழங்கால் வரைக்கும் போயிடுச்சு, ஒத்தச் செருப்பு இன்னைக்கும் அங்கதான் கெடக்கு, பறவையும் பறந்து போயிடுச்சு. மேயுற பூநாரை தலையத் தூக்கிடுச்சு, எல்லாம் ஒரே பக்கமா நடக்க ஆரம்பிச்சிடுச்சுன்னா நீங்க ரொம்ப கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம், அப்படியே நின்னுடுங்க, கொஞ்சம் பின்வாங்கினா இன்னும் நல்லது. வெயில் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி நின்னா ரோஸ் கலர் நல்லா தெரியும், எதிர்வெயில்ல எல்லாம் கருப்பு குச்சிதான். கூட்டத்துல சாம்பல் கலர்ல நிக்கறது வேற ஜாதி இல்ல, குஞ்சு, சாப்பிடற சாப்பாட்டுலேருந்துதான் அந்த ரோஸ் மெதுவா ஏறும்.

பைனாகுலர் 8x42 போதும், கடன் வாங்கியாவது கொண்டு போங்க. அது இல்லாம போனா பூநாரை மட்டும்தான் தெரியும், சேத்துல எலி மாதிரி குடுகுடுன்னு ஓடற கொசு உள்ளான் கண்ணுல படவே படாது. அது 20, 30 கிராம் கூட தேறாத பறவை, ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு இவ்வளவு தூரம் பறந்து இங்க வந்து வேதாரண்யத்து சேத்தைக் கிண்டிக்கிட்டு இருக்கு, எனக்கு பூநாரையவிட அதைப் பாத்தாதான் ஆச்சரியமா இருக்கும். பறவையோட காலையும் கவனிங்க, சிலதுக்கு வளையம் இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருஷமா இங்க பறவைக்கு வளையம் மாட்டுறாங்க, போட்டோல நம்பர் தெரிஞ்சா அவங்களுக்கு எழுதிப் போடுங்க.

ஒம்போது மணி தாண்டினா கானல் ஆட ஆரம்பிச்சிடும், அப்ப காட்டுப்பக்கம் வந்துடுங்க. 1967ல இந்த சரணாலயத்த அறிவிச்சதே வெளிமானுக்காகத்தான், பறவைக்கும் சதுப்புக்குமான ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம், 2002லதான் வந்துச்சு. வெளிமான் பேருக்கேத்த மாதிரி புல்வெளிலதான் நிக்கும். முறுக்குக் கொம்போட கருப்பா நிக்கறது கலை, பழுப்பா கொம்பில்லாம இருக்கறது பெட்டை. ஒரே இடத்துல குமிச்சு வச்ச மாதிரி புழுக்கை கெடந்தா அது ஒரு கலையோட எல்லைக்கல்லுன்னு வச்சுக்குங்க, கொஞ்சம் தள்ளி சத்தமில்லாம காத்திருந்தா ஆளு வருவாரு. மூக்க மேல தூக்கி காத மடக்கி ஒரு நடை நடப்பாரு பாருங்க, கல்யாண மாப்பிள்ளை கெட்டார். சீமைக்கருவேலம் அந்தப் புல்வெளியத் தின்னுக்கிட்டே வருது, அதுதான் வயித்தெரிச்சல். 2018 நவம்பர்ல கஜா புயல் இந்தக் காட்டைப் போட்டுப் புரட்டுன புரட்டுல விழுந்த மரமும் கொஞ்சநஞ்சமில்ல.

காட்டுக்குதிரையும் சுத்தும். பாக்க சாதுவா இருக்குன்னு தடவப் போகாதீங்க. ராமர் பாதம் மேட்டுல ஏறி நின்னா சுத்துவட்டாரம் முழுக்க தெரியும், ஆனா அங்க பாலித்தீன் பையோட நின்னீங்கன்னா குரங்கு உங்க மத்தியான சாப்பாட்டை முடிச்சிடும். தண்ணி பாட்டில் ஆளுக்கு 2 லிட்டராவது எடுத்துக்குங்க, உள்ள கடை கிடையாது. செவப்பு, மஞ்சள் சட்டையெல்லாம் வீட்லயே இருக்கட்டும், ட்ரோனும்தான்.

சாயங்காலம் திரும்பவும் சதுப்புக்கு வாங்க, வெயில் சாயும்போது கூட்டம் கூட்டமா எடம் மாறும். பஸ்ல வந்திருந்தா காலைல இறங்கும்போதே கண்டக்டர்கிட்ட கடைசி பஸ் எப்பன்னு கேட்டு வச்சுக்குங்க, இருட்டினப்பறம் அந்த ரோட்டுல நரி ஊளைதான் துணைக்கு வரும்.