பணம் இல்லை என்று சொல்லி மாணவர் நாடகத்தை நிறுத்தும்போது

ஒரு மாணவர் நாடகத்தின் பேசுபொருள் பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் தடை செய்கிறோம் என்று எந்தப் பள்ளி நிர்வாகமும் எளிதில் எழுதித் தருவதில்லை. ஒத்திகை பாதி கடந்த நிலையில், இந்த ஆண்டு அரங்கச் செலவுக்கு நிதி ஒதுக்க இயலவில்லை என்ற ஒரு வரிச் செய்தி மட்டும் வந்து சேரும். அதைப் படித்ததும் கருத்துரிமை பற்றிப் பேசத் தோன்றுவது இயல்புதான் என்றாலும், முதலில் கையில் எடுக்க வேண்டியது கணக்குப் புத்தகம். சென்ற ஆண்டு நாடகக் குழுவுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், இந்த ஆண்டு இசைக்கும் விளையாட்டுக்கும் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோருக்கும் குறைந்திருந்தால் அது உண்மையான பணத்தட்டுப்பாடு. அதற்கு வழி வேறு. நாடகத்துக்கு மட்டும் நின்றிருந்தால், காரணத்தை எழுத்தில் தருமாறு தேதியிட்ட கடிதம் மூலம் கேளுங்கள், ஏனெனில் வாய்மொழியாகச் சொன்ன காரணம் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும்.

பதில் வருவதற்குள் ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டு, ஒவ்வொரு தொகையும் யாரிடமிருந்து வந்தது, அதில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு, என்ன நிபந்தனையோடு வந்தது, இதுவரை எவ்வளவு செலவாகிவிட்டது என்று எழுதுங்கள். பள்ளியின் பொது நிதி, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் உதவி, நன்கொடையாளர் கொடுத்தது, நுழைவுச்சீட்டு விற்று மாணவர்களே சேர்த்தது ஆகியவை ஒரே பெட்டியில் கிடந்தாலும் ஒரே பணம் ஆகிவிடாது. நன்கொடையாளர் தம் பணத்தை இனித் தர மாட்டேன் என்றால் அது அவர் உரிமை. நான் பொறுப்பேற்றிருந்த ஒரு குழுவில், முந்தைய ஆண்டு மாணவர்கள் சீட்டு விற்றுச் சேர்த்த தொகை பொதுக் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது. அவர்கள் உழைப்பில் வந்த பணத்தையே அவர்களுக்கு ஒதுக்க முடியாது என்று அலுவலகம் சொல்லிக்கொண்டிருந்தது. பழைய நுழைவுச்சீட்டு அடிக்கட்டைகளை எண் வரிசையில் அடுக்கி மேசைமேல் வைத்த பிறகுதான், நாடகம் நல்லதா கெட்டதா என்ற பேச்சு ஓய்ந்து அந்தத் தொகையைப் பற்றிய பேச்சு தொடங்கியது.

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும் என்றாலும், நீதிமன்றங்கள் கேட்கும் கேள்விகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் ஹேசல்வுட் வழக்கில், பள்ளி நடத்தும் இதழையும் அதுபோலவே பள்ளியின் பெயரில் நடக்கும் நாடகத்தையும், கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் நிர்வாகம் கட்டுப்படுத்தலாம் என்றது. அரசுப் பல்கலைக்கழகங்களில் நிலை வேறு: மாணவர்களிடம் வசூலித்த கட்டணத்தை மாணவர் அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும்போது அவற்றின் கருத்துச் சார்பைப் பார்க்கக் கூடாது என்று 1995இலும் 2000இலும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே பள்ளி மாணவர்கள், ‘எங்கள் உரிமை’ என்ற வாதத்தை மட்டும் நம்பாமல், நிர்வாகம் சொல்லும் காரணம் உண்மையில் கல்வி சார்ந்ததா என்று கேட்பதில் கவனம் செலுத்த வேண்டும்.

அடி எப்போதும் நாடகத்தின் மேலேயே விழும் என்பதும் இல்லை. 1999இல் டெக்சாஸ் மாநிலத்துக் கில்கோர் கல்லூரியில் எய்ட்ஸ் காலத்தைப் பற்றிய நாடகம் ஒன்று மேடையேறியபோது, வட்டார நிர்வாகம் அதே கல்லூரியில் நடக்கும் ஷேக்ஸ்பியர் நாடக விழாவுக்குத் தருவதாக இருந்த 50,000 டாலரைத் திரும்பப் பெற்றது. உங்கள் நாடகத்தால் வேறு யாருடைய நிதி பாதிக்கப்படக்கூடும் என்று யோசித்து, அவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இனி கூட்டத்துக்கு வருவோம். எதிர்ப்பவர் பெரும்பாலும் முழுப் பிரதியைப் படித்திருக்க மாட்டார். சிவப்பு மையில் அடிக்கோடிட்ட ஒரு பக்கத்தின் நகல் மட்டும் அவர் கையில் இருக்கும். அந்த வசனத்துக்குக் கதையே பதில் சொல்லும் அடுத்த பக்கம் அதில் இருக்காது. எனவே கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே முழுப் பிரதியையும் அனைவருக்கும் அனுப்பி, முடிந்தால் ஓர் ஒத்திகைக்கும் அழையுங்கள். அதே வேளையில் பெற்றோரின் கவலையை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தற்கொலை, பாலியல் வன்முறை போன்றவை கதையில் வருமானால், எந்த வயதினர் பார்க்கலாம் என்ற அறிவிப்பு, நாடகம் முடிந்தபின் கலந்துரையாடல், உளநல ஆலோசகர் ஒருவர் உடனிருத்தல் ஆகியவற்றைப் பெற்றோர் கேட்கும் முன்பே நீங்கள் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். மாணவர்கள் பேசட்டும், ஆனால் கதையில் வரும் துன்பத்தைத் தன் வாழ்விலும் பட்ட மாணவரை, நாடகத்தைக் காப்பாற்றுவதற்காகச் சாட்சியாக எழுப்பி நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரே விரும்பினாலும், ஒரு நாள் பொறுத்து யோசிக்கச் சொல்லுங்கள்.

அந்த வசனத்தை எடுத்துவிட்டால் பணம் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அங்கேயே தலையாட்ட வேண்டாம். உரிமத் தொகை கட்டி எடுத்த நாடகமாக இருந்தால், உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியின்றி ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்று பொதுவாக ஒப்பந்தத்திலேயே இருக்கும். மாணவர்களே எழுதியதாக இருந்தால் அவர்களோடு அமர்ந்து முடிவெடுங்கள். ஒரு வசைச் சொல்லை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. கதை எந்தச் சம்பவத்தின் மேல் நிற்கிறதோ அதை விட்டுக்கொடுத்தால், மேடையேற்ற நாடகமே மிஞ்சாது.

எல்லாம் செய்தும் நிதி வராவிட்டால் வெளியே நடத்தலாம். 2007இல் கனெடிகட் மாநிலத்து வில்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், இராக் போரில் இருந்தவர்களின் சொற்களைக் கொண்டு தயாரித்த நாடகத்தைத் தலைமையாசிரியர் நிறுத்தியபோது, அதை நியூயார்க் நகர அரங்கில் நிகழ்த்தினார்கள். அப்படிச் செய்வதானால் விளம்பரத்தில் பள்ளியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தாதீர்கள். பள்ளிக்குச் சொந்தமான உடைகளையும் விளக்குகளையும் அனுமதியின்றி எடுக்காதீர்கள். ஒவ்வொரு மாணவரின் பெற்றோரிடமும் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். வரும் பணத்தை வயதுவந்த இருவரின் கூட்டுக் கையெழுத்தில் தனிக் கணக்கில் வையுங்கள். காட்சியமைப்பு நான்கு நாற்காலிகளாகச் சுருங்கினாலும் கவலை இல்லை.

எழுதிய கடிதங்கள், வந்த பதில்கள், நான்கு பத்திகள் போட்ட தாள், ரசீதுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து, அடுத்த ஆண்டுக் குழு நாடகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அதன் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.