யூபிஎஸ் இருந்தும் சர்வர் அணைவது ஏன்? பி.டி.யு.வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து, நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த கடலூர், புதுச்சேரிப் பகுதியில் ஜென்செட், யூபிஎஸ் பற்றி யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனால் யூபிஎஸ்ஸுக்கும் சர்வருக்கும் நடுவே இருக்கும் பி.டி.யு.வைத்தான் (பவர் டிஸ்ட்ரிபியூஷன் யூனிட்) யாரும் கண்டுகொள்வதில்லை. யூபிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய லைனை பிரேக்கர்கள் வழியாகப் பிரித்து, சர்வர்களை அடுக்கி வைக்கும் ஒவ்வொரு ரேக்குக்கும் அனுப்புவது இதுதான். ரேக்கின் பின்னால் நிற்கும் நீளமான சாக்கெட் பட்டைக்கும் இதே பெயர். கரண்ட்டைச் சேமிப்பது இதன் வேலை இல்லை.

மருத்துவமனையோ வங்கியோ, முக்கியமான சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்று ஏ பி.டி.யு.வுக்கும் மற்றது பி-க்கும் போகும். இரண்டும் 32 ஆம்பியர், மீட்டரில் ஆளுக்கு 24 காட்டுகிறது என்று வையுங்கள். முக்கால் பங்குதானே, இன்னும் இடம் இருக்கிறது என்று புது சர்வரை மாட்டுவார்கள். இதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான கணக்கு. ஏ விழுந்தால் மொத்தம் 48 ஆம்பியரும் பி-யின் தலையில் ஏறும். அதுவும் பிரேக்கர் உடனே விழாது. சூடேறி, கொஞ்ச நேரம் கழித்து விழும். அதற்குள் ஆட்கள் ஏ-க்கு என்ன ஆயிற்று என்று தேடிப் போயிருப்பார்கள். பிரேக்கரில் தொடர்ந்து ஓடும் லோடு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். 32-க்கு அது 25.6. இரண்டு பக்கத்தையும் கூட்டினால்கூட அதற்குள் நிற்க வேண்டும். அதாவது பக்கத்துக்குச் சுமார் 12.8 ஆம்பியர்.

இரண்டு ஒயரையும் ஒரே பட்டையில் செருகுவதும், ஏ, பி இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸிலிருந்து இழுப்பதும் இதன் தம்பிகள். பராமரிப்பு நேரத்தில் சொல்லிவிட்டு ஏ-யை ஒருமுறை அணைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அப்புறம், பாதுகாப்புக்கு என்று முழு ரேக்குக்கும் ஒரே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடும் சுவிட்ச்) போடுவது. சர்வரின் பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கரண்ட் கசிவது இயல்பு. பத்துப் பதினைந்து சர்வர் சேர்ந்தால், எந்தப் பழுதும் இல்லாமலே ட்ரிப் ஆகலாம். கசிவைக் கூட்டிப் பார்த்து லைனைப் பிரிப்பதுதான் வழி. எர்த்தைக் கழற்றிவிடுவது வழியே இல்லை. அப்படிச் செய்கிறவர்களும் உண்டு!

மூன்று பேஸிலும் லோடைச் சமமாகப் பிரியுங்கள். கரண்ட் திரும்பும்போது எல்லா சர்வரும் ஒரே நொடியில் எழுந்தால் பிரேக்கர் தாங்காமல் போகலாம். ஒவ்வொன்றாக ஆன் செய்யும் பி.டி.யு. கிடைக்கிறது. காலி சாக்கெட்டில் வாக்குவம் கிளீனர் மாட்ட விடாதீர்கள்.

கடற்கரை ஊருக்கென்று தனிக் கவலை உப்புக் காற்று. பேனல் அறை ஜன்னலைத் திறந்தே வைத்தால் செம்பு முனைகள் பச்சை பூத்து, இணைப்பு சூடாகும். லோடு ஓடும்போது தெர்மல் கேமராவில் பார்த்தால்தான் அது தெரியும். அணைத்துவிட்டுப் பார்த்துப் பயனில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரித் தெருக்களில் வெள்ளம் நின்றது. தரைத்தளத்தில் சர்வர் அறை இருந்தால், பொய்த்தரைக்கு (ஒயர் ஓட உயர்த்திப் போட்ட தரை) அடியில் கிடக்கும் பிளக் இணைப்புகளை அடுத்த மழைக்கு முன் மேலே ஏற்றிவிடுங்கள்.