கொரிந்துவில் பாயா, பெஞ்சா? பெண் ஊழிய வசனங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பெண்கள் ஞாயிறுக்கான ஒத்திகை நடந்தது. எங்கள் சபையில் அந்த ஒரு நாள் ஆராதனையைப் பெண்களே நடத்துவார்கள், பிரசங்கமும் அவர்களுடையதுதான். முதன்முறையாகப் பிரசங்க பீடம் ஏறப்போகிற பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது. கிரேக்க நகரமான கொரிந்துவின் சபைக்குப் பவுல் எழுதிய நிருபத்தில், பெண்கள் சபைகளில் பேசாமலிருக்கவேண்டும் என்று சொல்லும் வசனத்தை, 1 கொரிந்தியர் 14:34-ஐ, எடுத்திருந்தாள். துணிச்சல்காரிதான். நான் கடைசி வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் அவள் சொன்னாள்: “கொரிந்து சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். பெண்களுக்குப் படிப்பு கிடையாது. பிரசங்கம் புரியாமல், அந்தப் பக்கம் இருக்கிற கணவரைக் கூப்பிட்டுச் சத்தமாகக் கேட்பார்கள். அதனால்தான் பவுல் அப்படி எழுதினார்.”

பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஏறக்குறைய இதே வாக்கியங்களைப் பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு நான் சொல்லியிருக்கிறேன். அதன் விலை என்ன என்பது எனக்குத் தெரியும்.

வசன எண்ணை மாற்றிச் சொல்வது, மைக்கை விட்டு விலகிப் பேசுவது போன்றவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு முறை ஏறி இறங்கினால் அவை சரியாகிவிடும். தானாகச் சரியாகாத சில தவறுகளைப் பற்றித்தான் பேச்சு. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சபையில் பெண்கள் போதிக்கலாம் என்று நம்புகிறவள் நான். ஆனால் கீழே வருகிற தவறுகளில் பாதிக்கு மேல் என் பக்கத்தவர்கள் செய்கிறவைதான்.

கலாத்தியர் 3:28-ஐக் கல்லாக எறிவது

“ஆணென்றும் பெண்ணென்றுமில்லை” என்று வாசித்துவிட்டு, விவாதம் முடிந்ததுபோல வேதாகமத்தை மூடுவார்கள். எதிரே இருப்பவருக்கும் அந்த வசனம் மனப்பாடம். “அது இரட்சிப்பைப் பற்றியது, சபைப் பொறுப்பைப் பற்றியது அல்ல” என்பார். அதற்கு மேல் பேச உங்களிடம் எதுவும் இல்லையென்றால் அந்த வசனத்தை எடுக்காதீர்கள்.

கொரிந்துவுக்குக் கதை எழுதுவது

என் கதைக்கு வருகிறேன். மாதம் ஒரு ஞாயிறு பெண்களும் பிரசங்கம் செய்யலாம் என்ற தீர்மானம் சபைக் கமிட்டிக்கு வந்தது. பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் விளக்கம் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வேண்டும் என்றவர்கள் சிலர், கூடவே கூடாது என்றவர்கள் சிலர், எந்தப் பக்கமும் சாயாமல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவர் எந்தப் பக்கம் கையைத் தூக்குகிறாரோ அந்தப் பக்கம் இன்னும் நான்கு கைகள் தூக்கப்படும்.

கொரிந்துப் பெண்கள் சத்தம்போட்ட கதையை நான் நன்றாகவே சொன்னேன். அப்போது கைதட்டியிருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அம்மா, கொரிந்துவில் பாய் விரித்திருந்தார்களா, பெஞ்சு போட்டிருந்தார்களா?”

தெரியாது என்றேன்.

“பக்கம் பிரித்து உட்கார்ந்தது தெரிகிறது. எதில் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் தெரியவில்லையா? இது எந்த வசனத்தில் இருக்கிறது?”

ஒரு கைப்பிரதியில் படித்தேன் என்றேன். அந்தக் கைப்பிரதி எங்கிருந்து எடுத்தது என்று கேட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு நான் சொன்ன உண்மைகளும் அந்தக் கதையோடு சேர்ந்து போயின. தீர்மானம் விழுந்தது. திரும்பக் கமிட்டிக்கு வர நான்கு வருடங்கள் ஆயின. அந்த நான்கு வருடங்களில் ஊரைவிட்டுப் போனவர்கள், கல்யாணமாகி வேறு சபைக்குப் போனவர்கள் என்று நல்ல பேச்சாளர்கள் மூன்று பேரையாவது இழந்தோம். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அந்தக் கதை நம் ஊரில் ஏன் இவ்வளவு எளிதாக விலைபோகிறது என்று பிற்பாடு யோசித்தேன். நம் ஆலயங்கள் பலவற்றில் இன்றும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான். நடுவிலே நடைபாதை. கதையைக் கேட்டதும் நம் ஆலயமே கண்முன் வந்துவிடுகிறது; அதைத் தூக்கிக் கொரிந்துவில் வைத்துவிடுகிறோம். ஆனால் கொரிந்து சபை வீடுகளில் கூடிய சபை. அந்த ஊரிலிருந்து எழுதிய ரோமர் நிருபத்தில், சபையனைத்தையும் உபசரித்த காயுவின் வாழ்த்தைப் பவுல் சேர்க்கிறார் (16:23). ஒரு வீட்டுக் கூடத்தில் எத்தனை பேர் உட்கார முடியும்? அங்கே இடம் பிரித்ததாகக் கொரிந்தியர் நிருபத்தில் ஒரு எழுத்தும் கிடையாது. பெண்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாதவர்கள் என்பதும் நாமாகச் சேர்த்தது. அந்தச் சபைக்காரர்களின் சண்டையைப் பவுலிடம் கொண்டுவந்ததே குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார்தான் (1 கொரிந்தியர் 1:11).

கதை முளைத்த விதை 14-ஆம் அதிகாரத்தின் 35-ஆம் வசனம்: கற்றுக்கொள்ள விரும்பினால் “வீட்டிலே தங்கள் புருஷரிடத்தில் விசாரிக்கக்கடவர்கள்.” கூட்டத்தின் நடுவில் கேள்விகள் எழுந்திருக்கலாம் என்று இதிலிருந்து ஊகிப்பது நியாயம். ஊகம் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். சத்தமும் நடைபாதையும் படிப்பறிவின்மையும் நம் சொந்தச் சரக்கு.

இதன் தங்கை ஒன்று உண்டு. கொரிந்துவில் காதல் தெய்வமான அப்ரோதித்தியின் கோயிலில் ஆயிரம் விலைமாதர் இருந்தார்கள், அவர்கள் தலையை மழித்திருப்பார்கள், அதனால்தான் 11-ஆம் அதிகாரத்தில் பவுல் பெண்களை முக்காடு போடச் சொன்னார் என்பார்கள். ஆயிரம் என்ற எண் பழங்காலப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதியது. அவர் பேசுவது பழைய கொரிந்துவைப் பற்றி. அந்த நகரத்தை ரோமர்கள் கி.மு. 146-இல் அழித்துவிட்டார்கள். பவுல் வந்தது, யூலியஸ் சீசர் கி.மு. 44-இல் ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவிய புதிய நகரத்துக்கு. மழித்த தலையைப் பற்றி ஸ்திராபோவும் சொல்லவில்லை.

என்னை இன்னும் உறுத்துவது வேறு. அன்றைக்குக் கையில் வைத்திருந்த தமிழ் வேதாகமத்திலேயே எனக்கு வேண்டியது இருந்தது. அதே 14-ஆம் அதிகாரம். அந்நியபாஷையில் பேசுகிறவனுக்கு அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவன் “சபையிலே பேசாமல்” இருக்கவேண்டும் (28). இன்னொருவனுக்கு வெளிப்பாடு வந்தால் முந்திப் பேசினவன் “பேசாமலிருக்கக்கடவன்” (30). பிறகுதான் பெண்கள் “பேசாமலிருக்கக்கடவர்கள்” (34). கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் ஒரே வினைச்சொல். நம் பழைய மொழிபெயர்ப்பு அதை மறைக்கவும் இல்லை. முதல் இரண்டு இடத்திலும் யாரும் அதை வாழ்நாள் வாய்ப்பூட்டாக எடுப்பதில்லை. கூட்ட ஒழுங்கு என்றுதான் எடுக்கிறோம். மூன்றாவது இடத்தில் மட்டும் ஏன் மாறுகிறது? மூன்று அதிகாரங்களுக்கு முன்னே 11:5-இல் பெண் சபையில் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் தடுக்கவில்லை. எப்படிச் செய்யவேண்டும் என்று மட்டும் சொல்கிறார். இந்த நான்கு வசனங்களையும் வரிசையாக வாசித்திருந்தால் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றியிருக்க மாட்டார்.

இதற்கும் பதில் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு போங்கள். தீர்க்கதரிசனத்தை மற்றவர்கள் “நிதானிக்கக்கடவர்கள்”, அதாவது எடைபோட்டுப் பார்க்கவேண்டும், என்கிறது 29-ஆம் வசனம். பெண்களுக்கு விலக்கப்பட்டது அந்த நிதானிக்கும் அதிகாரம் என்று ஒரு தரப்பு வாசிக்கிறது. 34, 35 வசனங்கள் கொரிந்தியர் சொன்னதைப் பவுல் எடுத்துக் காட்டுவது, 36-இல் “தேவவசனம் உங்களிடத்திலிருந்தா புறப்பட்டது?” என்று அதை மறுக்கிறார் என்பது இன்னொரு தரப்பு. அவை பிற்பாடு சேர்ந்தவை என்று கார்டன் ஃபீ போன்ற அறிஞர்கள் வாதிடுகிறார்கள். சில கையெழுத்துப் படிகளில் இவை 40-ஆம் வசனத்துக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுவார்கள். ஆனால் அந்த வசனங்களே இல்லாத படி ஒன்றும் கிடைத்ததில்லை. இதைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்கிறவர், எனக்கு நேர்ந்ததுபோல ஒரு கமிட்டியில் மாட்டுவார்.

இரண்டு சொல் கிரேக்கம்

“மூலபாஷையில் பார்த்தால்” என்று தொடங்குகிறவர்களில் பலர் மூலபாஷையைப் பார்த்ததில்லை. பெண் போதிக்கவும் ஆண்மேல் அதிகாரம் செலுத்தவும் அனுமதிப்பதில்லை என்கிற 1 தீமோத்தேயு 2:12-இல் “அதிகாரஞ்செலுத்தவும்” என்ற இடத்தில் வருவது ‘அவுதெந்தெய்ன்’ என்ற கிரேக்கச் சொல். புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. வழக்கமாக அதிகாரத்துக்குப் பவுல் ‘எக்ஸூசியா’ என்பதோடு சேர்ந்த சொற்களைப் பயன்படுத்துவார். ஆகவே இங்கே சாதாரண அதிகாரமா, அடக்கி ஆள்வதா என்பது நியாயமான கேள்வி. அறிஞர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எங்கள் வேதபாட வகுப்பில் ஒருவர் அதோடு விடவில்லை. அந்தச் சொல்லின் உறவுச்சொல் ஒன்றுக்குப் பழங்கிரேக்கத்தில் கொலைகாரன் என்ற பொருள் உண்டு என்று எங்கோ பார்த்துவிட்டு, பெண்கள் ஆண்களைக் கொல்லக் கூடாது என்றுதான் பவுல் சொன்னார் என்று முடித்தார். ஆண்களுக்கு அந்த அனுமதி உண்டா என்று பின்வரிசையில் ஒரு பாட்டி கேட்டார்.

ஒரே மொழிபெயர்ப்போடு நிற்பது

ரோமர் 16:1-இல் பெபேயாள் கெங்கிரேயா சபைக்கு “ஊழியக்காரி”. கேட்டதும் நம் மனதில் விளக்குமாறும் குத்துவிளக்கும் வருகிறது. கிரேக்கத்தில் அது ‘தியாகோனோஸ்’. அதே சொல் பிலிப்பியர் 1:1-இல் “உதவிக்காரர்”, பதவிப்பெயர். 1 கொரிந்தியர் 3:5-இல் பவுலையும் பிரசங்கியான அப்பொல்லோவையும் குறிக்கும்போது “ஊழியக்காரர்”. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு பெபேயாளைத் திருத்தொண்டர் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தாலே போதும், கிரேக்கம் வேண்டாம்.

அப்போஸ்தலர் 18:26-இலும் இப்படித்தான். பழைய மொழிபெயர்ப்பில் கணவன் ஆக்கில்லா முதலில் வருகிறான். மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் மனைவி பிரிஸ்கில்லாள் முதலில். அப்பொல்லோவுக்கு மார்க்கத்தை விவரித்தவர்களில் அவளும் ஒருத்தி என்பதில் எந்தப் படிக்கும் சந்தேகமில்லை.

பவுல் வாழ்த்துச் சொல்கிறவர்களில் ஒருத்தியான யூனியா (ரோமர் 16:7) இன்னும் சுவையானவள். தமிழில் அந்தப் பெயர் ஆணா பெண்ணா என்று தெரியாது. பிரசங்கங்களில் பெரும்பாலும் அவள் ஆணாகிவிடுவாள். நான்காம் நூற்றாண்டின் சபைப் பிதா கிறிசோஸ்தோம் பெண்களைச் சபைத் தலைமையில் வைக்க விரும்பியவரல்ல. அவரே அவளைப் பெண்ணென்று எடுத்து, அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுதியானவள் என்று வியக்கிறார். அறிஞர்கள் பயன்படுத்தும் நெஸ்ட்லே கிரேக்கப் பதிப்பு 1927-இல் அந்தப் பெயரின் அழுத்தக்குறியை (உச்சரிப்பில் அழுத்தம் எங்கே விழும் என்று காட்டும் குறியை) மாற்றி அவளை ஆணாக்கியது; 1998 அச்சில்தான் திரும்பப் பெண்ணானாள். “அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்” என்பதை அப்போஸ்தலருக்கு நன்கு தெரிந்தவர்கள் என்றும் வாசிக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விவாதம் ஓயவில்லை. பெயர் பெண்பெயர் என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை.

முக்காடு

பத்து நிமிடத்தில் தீராது. தொடாதீர்கள்.

எதிரே இருப்பவர் ஆணாதிக்கவாதி என்று முடிவுகட்டுவது

சிலர் அப்படித்தான். எல்லாரும் அல்ல. எங்கள் சபையில் ஒரு பெரியம்மா, முப்பது வருடம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவர், பெண்கள் ஆயராவதை ஏற்கமாட்டார். அவருடைய காரணம் 1 தீமோத்தேயு 2:13: “முதலாவது ஆதாம் உருவாக்கப்பட்டான், பின்பு ஏவாள் உருவாக்கப்பட்டாள்.” பவுல், தீமோத்தேயு இருந்த எபேசுவின் நிலவரத்தைச் சொல்லாமல் படைப்பையே ஆதாரமாகக் காட்டுகிறாரே, அதை ஊர்ப் பிரச்சினை என்று எப்படி ஒதுக்குவாய் என்று கேட்பார். நல்ல கேள்வி. அடுத்த வசனத்தில் வருகிற ஏவாளின் வஞ்சனையையும் எபேசுவில் பரவிய கள்ளப்போதனையையும் சேர்த்து நான் ஒரு பதில் சொல்வேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “இருக்கட்டும், காப்பி குடி” என்பார். இன்னும் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

“நம் முன்னோர் அனுமதித்ததே இல்லை”

இது அந்தப் பக்கத்தின் கட்டுக்கதை. பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது. கட்டியவர் குளோரிந்தா, ஒரு பிராமண விதவை. 1778-இல் ஞானஸ்நானம் பெற்றவர். அந்த ஆலயத்தை 1785-இல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தை அந்தப் பெண்ணை விட்டுவிட்டு எழுத முடியாது. பிரசங்க பீடம் வேறு, ஆலயம் கட்டுவது வேறு என்பார்கள். சரிதான், அதனால் இதை அளவோடு சொல்லுங்கள். தென்னிந்தியத் திருச்சபை புஷ்பலலிதாவைப் பேராயராக அபிஷேகம் செய்தது 2013-இல். அதை வைத்து வேதவசனத்துக்கு அர்த்தம் நிரூபிக்க முடியாது. அப்படி நடந்ததே இல்லை என்பவருக்கு மட்டும் சொல்லலாம்.

பிள்ளைப்பேற்றினாலே இரட்சிப்பு (1 தீமோத்தேயு 2:15)

மேடையில் வேண்டாம். வேதபாட வகுப்பில், இரண்டு மணி நேரம் இருந்தால்.

நேரம்

இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம். அந்தப் பெண் இரண்டாம் ஒத்திகையில் கொரிந்துச் சத்தத்தை எடுத்துவிட்டாள். 28, 30, 34 மூன்றையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். இன்னும் இருபத்தாறு நிமிடத்தில் நிற்கிறது. யூனியாவை விட மாட்டேன் என்கிறாள்.