கைக்குழந்தைக்கு வாரம் இரண்டு பக்கம்: நோட்டு எழுதுவதும் போனில் வந்ததைச் சலித்தெடுப்பதும்

தலைப்பிரசவம் தாய் வீட்டில். அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டிலோ பெங்களூரிலோ வேலை. சனி இரவு வந்து திங்கள் விடியலில் பஸ் ஏறிவிடுவார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் முதல் சில மாதங்கள் இப்படித்தான் போகின்றன. வாரம் முழுக்க இருவர் போனிலும் குழந்தை வளர்ப்பு வீடியோக்கள் குவிந்துகொண்டே இருக்கும். எதைச் செய்வது, எதை விடுவது என்பதற்கு உங்கள் குழந்தையின் எடையும் வயதும் சிறுநீரும்தான் பதில் சொல்ல வேண்டும். அவற்றை எழுதி வைத்திருந்தால்தான் அந்தப் பதில் கிடைக்கும்.

120 பக்க லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். வாரத்துக்கு எதிரெதிர் இரண்டு பக்கம் (இடது குழந்தைக்கு, வலது போனில் வந்த குறிப்புகளுக்கு), 52 வாரத்துக்கு 104 பக்கம் ஆகும். மிச்சம் தடுப்பூசித் தேதிக்கும் மருந்துச் சீட்டு ஒட்டவும் உதவும். நோட்டு எப்போதும் குழந்தையின் துணிப்பையிலேயே இருக்கட்டும். குழந்தை மாமியார் வீட்டுக்குப் போனால் நோட்டும் போக வேண்டும். இருவரும் சேர்ந்து உட்கார ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும்.

இடது பக்கம் குழந்தைக்கு

மேலே தேதியும், பிறந்து முடிந்த வாரங்களும். "மூணு மாசம்" என்று எழுத வேண்டாம். தடுப்பூசிக் கணக்கு வாரத்தில் ஓடுகிறது: 6, 10, 14 வாரம், அதாவது 42, 70, 98-ஆம் நாள். இந்த மூன்று தேதிகளையும் முதல் நாளே கடைசிப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். லேசான சளி இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. நாள் தவறிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.

எடையில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. பெரியவர் எடை மிஷினில் அம்மா குழந்தையோடு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்ப்பது வழக்கம். அந்த மிஷின் 100, 200 கிராம் முன்பின் காட்டும். முதல் மூன்று மாதத்தில் குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 25 முதல் 30 கிராம், வாரத்துக்கு 200 கிராம் அளவில்தான் ஏறும். மிஷினின் பிழையே குழந்தையின் வளர்ச்சி அளவுக்கு இருந்தால் அந்த எண்ணால் என்ன பயன்? அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஒரே தராசில், துணி இல்லாமல், மாதம் ஒரு முறை பாருங்கள். பிறந்த முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. இரண்டு வாரம் முடிந்தும் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டால் மட்டும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். தாய் சேய் நல அட்டையில் ஆணுக்கு ஒரு வரைபடம், பெண்ணுக்கு ஒன்று. புள்ளி வைக்கும் முன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் குழந்தையின் கோடு மேல்நோக்கிப் போகிறதா, படுத்துவிட்டதா என்பதே கேள்வி.

எடை பார்க்காத வாரங்களில் சிறுநீர்க் கணக்கு போதும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை. டயபரில் எண்ணிக்கை தெரியாது. வாரத்தில் ஒரு நாள் துணி நாப்கின் கட்டி, சுவர்க் காலண்டரில் கோடு கோடாகப் போட்டு எண்ணுங்கள். பால் போதவில்லை என்ற பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

மருந்து கொடுத்திருந்தால் மி.லி. மட்டும் எழுதாதீர்கள், பாட்டிலில் ஒரு மி.லி.க்கு எத்தனை மி.கி. என்பதையும் எழுதுங்கள். ஊசி போட்ட காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால், சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 100 மி.கி.; சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி., அதாவது ஒரு மி.லி.க்கு 25. யாரோ "3 மி.லி. கொடுத்தோம்" என்று போட்டதைப் பார்த்துச் சொட்டு மருந்தில் 3 மி.லி. கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். இணையத்தில் வரும் மருந்து அளவு எதையும் வலது பக்கத்தில்கூட ஏற்ற வேண்டாம்.

அடியில் இரண்டு வரி மனதுக்கு. ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் அப்பா. "சூப்பரா சிரிச்சான்" என்பது ஆறு மாதம் கழித்து எதையும் நினைவூட்டாது. "தாத்தா இருமினால் அந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறான்" என்பது நினைவூட்டும். அம்மாவின் வரிகளில் தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால், "பிள்ளை பெத்தவ அப்படித்தான் இருப்பா" என்று விட்டுவிடாதீர்கள். கிராம செவிலியரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

வலது பக்கம் போனுக்கு

வாரத்துக்கு மூன்றே மூன்று குறிப்பு. அதற்கு மேல் பிடித்திருந்தால் ஏற்கெனவே எழுதிய ஒன்றை அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுத வேண்டியவை: யார் சொல்கிறார், எந்த வயதுக் குழந்தைக்கு, எவ்வளவு, கடைசியில் ஏதாவது விற்கிறாரா. வயதும் அளவும் சொல்லாத குறிப்பை அப்போதே விட்டுவிடலாம். மீதிக்கு "செய்யலாம்", "நர்ஸிடம் கேட்கணும்", "வேண்டாம்" என்று ஏதாவது ஒன்று. தேன் தொட்டு வைப்பது ஒரு வயது வரை "வேண்டாம்" (தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும்). காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும் அப்படியே.

நம்பி அடையாளமிட்டு வைக்கக் கூடியவை சில உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் ஆரோக்கியம், ஊட்டச்சத்து வரிசை தமிழிலும் இருக்கிறது. குழந்தையை எப்படிப் பிடித்து மார்பில் சேர்ப்பது என்பதை நிதானமாகக் காட்டுவார்கள். காம்பில் புண் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அது. உலக சுகாதார நிறுவனத்தின் எடை அட்டவணையில் முதல் 13 வாரத்துக்கு வாரவாரியாக எண் இருக்கிறது. பாலூட்டும் அம்மாவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் லேக்ட்மெட் என்ற தரவுத்தளத்தில் தேடலாம், ஆனால் கம்பெனிப் பெயரைப் போட்டால் பலமுறை கிடைக்காது; அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் போடுங்கள்.

வெளியூர் அறிவுரை நம் தண்ணீருக்குப் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. "தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்" என்பது கிருமிக்குச் சரி. நம் இரு மாவட்டங்களிலும் பல போர்வெல்களில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் அது போகாது, நீர் வற்ற வற்ற அடர்ந்துதான் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். பவுடர் பால் கலக்கவும், பிறகு கஞ்சி காய்ச்சவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து வைத்து, அதைக் கொதிக்க வையுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் வரை சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. அம்மா குடிக்கும் நீரில் ஃபுளோரைடு இருந்தாலும் பாலுக்கு மிகக் குறைவாகவே வரும்.

ஆறு மாதம் முடியும்போது போன் முழுக்கச் சத்துமாவாக இருக்கும். இருபது பொருள் கலந்த மாவில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. நம் ஊரில் விளைகிற ராகி ஒன்றிலேயே தொடங்கலாம். 100 கிராமில் 364 மி.கி. கால்சியம் என்று 2017-ஆம் ஆண்டு இந்திய உணவுச் சேர்மான அட்டவணை சொல்கிறது. கால் கிலோவைக் கல், மண் போக ஐந்து தண்ணீர் கழுவி, 8 முதல் 10 மணி நேரம் ஊற வைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டுங்கள். தருமபுரி வெயிலில் ஒரே நாளில் முளைவிடும். மார்கழி ஓசூரில் ஒன்றரை நாள்கூட ஆகும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அலசிக் கட்டாவிட்டால் பிசுபிசுத்துப் புளித்த வாடை வரும். அப்படி வந்தால் கோழிக்குக்கூடப் போடாமல் கொட்டிவிடுங்கள். நிழலில் மொறுமொறுவென்று காய்ந்ததும் வாசம் வர வறுத்து, அரைத்து, சலித்து வையுங்கள்.

இரண்டு மேசைக்கரண்டி மாவை 150 மி.லி. ஆறின தண்ணீரில் முதலில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பேற்றி, கிளறிக்கொண்டே 7, 8 நிமிடம். முளைத்த மாவில் உண்டாகியிருக்கும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி எதிர்பார்த்ததைவிட இளகும். அதனால் தண்ணீர் கூட்டாமல் மாவைத்தான் கூட்ட வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது, தயங்கி விழ வேண்டும். அரை டீஸ்பூன் நெய் போதும். உப்பும் சர்க்கரையும் வெல்லமும் வேண்டாம். முதல் மூன்று நாள் இரண்டு மூன்று ஸ்பூன்தான். ராகியின் இரும்புச்சத்து மட்டும் குழந்தைக்குக் காணாது. பருப்பு, கீரை, முட்டை ஒவ்வொன்றாகச் சேர வேண்டும். கிராம செவிலியர் தரும் இரும்புச்சத்து சிரப், வாரம் இரு முறை ஒரு மி.லி., அதையும் இடது பக்கத்தில் டிக் செய்யுங்கள்.

நோட்டையும் போனையும் திறக்கக் கூடாத நேரமும் உண்டு. மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போதல்: இவற்றில் ஒன்று வந்தாலும் 108.

சில வாரம் எழுத முடியாது. விட்டுப்போன பக்கத்தை நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். ஊகித்து எழுதிய எண்ணைப் பார்த்து மருத்துவர் முடிவெடுத்துவிடுவார். குறுக்கே ஒரு கோடு போட்டு, தேதி மட்டும் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.