திரும்பி நின்று எடை பார்ப்பது: உணவுக் கோளாறிலிருந்து மீளும் மகளுக்காக நாங்கள் செய்வது

வியாழக்கிழமை காலை ஆறரை மணி. மகள் பாத்ரூம் போய்விட்டு வருவாள். எடை பார்ப்பதற்கென்றே ஒரு பழைய பருத்தி நைட்டி உண்டு, அதைப் போட்டிருப்பாள். கொலுசைக் கழற்றி என் தையல் மெஷின் மேல் வைப்பாள். கதவோரம் தரை மட்டமாக இருக்கும் மொசைக் கல்லில் நான் எடை மெஷினை வைப்பேன். அவள் சுவரைப் பார்த்தபடி ஏறி நிற்பாள். எண் அவள் குதிகால் பக்கம் விழும், அவள் கண்ணில் படாது. நான் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "சரி, இறங்குமா" என்பேன். வேறு ஒரு வார்த்தை கிடையாது. அடுத்தது இட்லி.

இந்த இரண்டு நிமிஷத்தைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. எங்களைப் போலக் கையில் அதிகம் காசில்லாத வீட்டில் இதே நோயோடு ஒரு பிள்ளை இருந்தால், அந்த எட்டு மாதத்தில் கொஞ்சமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் மதுரை செல்லூரில் பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகளுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அனோரெக்சியா, அதாவது எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் நோய், என்று டாக்டர் சொன்னார். அவள் எத்தனை கிலோ இருந்தாள், இப்போது எத்தனை என்று இதில் எங்கேயும் எழுதப் போவதில்லை. இதே நோயிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் பிள்ளைகளும் இதைப் படிக்கலாம். அந்த எண்ணை எடுத்துத் தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி உள்ளே ஒரு குரல் அவர்களைப் பிடுங்கும். அது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

எடை பார்க்க வேண்டுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை டாக்டர் சொல்லட்டும். அவர் சொல்லாமல் வீட்டில் மெஷின் வாங்கி வைக்காதீர்கள். ரொம்ப நாள் சாப்பிடாமல் கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மளமளவென்று இறங்கி இதயத்தையே பாதிக்கும். அதனால் முதல் சில வாரம் எவ்வளவு சாப்பிட வேண்டும், எப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் டாக்டர் கையில் இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவில் காசு வாங்காமல் பார்க்கிறார்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, போன் போடுங்கள். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பதால், எங்களுக்கு ஆஸ்பத்திரி போய்வரும் செலவு மதியச் சாப்பாடு மட்டும்தான். அதையும் டிபன் பாக்ஸில் கொண்டுபோனோம். அவள் சாப்பாட்டு நேரம் தவறவே கூடாது.

மெஷின் இல்லாமலே பார்க்க முடியுமென்றால் அதுதான் நல்லது. முதல் நான்கு மாதம் நாங்கள் பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் பார்த்தோம். புதன்கிழமை தடுப்பூசி நாள், கைக்குழந்தைகள் கூட்டம் தாங்காது. வியாழக்கிழமை போனால் நிம்மதி. மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நான் முன்னாடியே உள்ளே போய், "சிஸ்டர், இவளுக்கு எடை பார்க்கணும். ஆனா எண்ணை வாய்விட்டுச் சொல்லாதீங்க. கூடிருக்கு, குறைஞ்சிருக்குன்னும் சொல்லாதீங்க. சீட்டுல எழுதி என் கையில குடுத்திடுங்க" என்று கேட்டுக்கொள்வேன். ஒருமுறை காரணத்தைச் சொன்னதோடு சரி. அடுத்த வாரம் அவரே மெஷினைத் திருப்பி வைத்துவிட்டு, "வாம்மா, சுவரைப் பாத்து நில்லு" என்றார். அந்தச் சிஸ்டருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இதற்கு முன்னால் ஒரு கிளினிக்கில் கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது எண்ணைச் சத்தமாகப் படித்து, "பரவாயில்லையே, ஏறிடுச்சே!" என்று சிரித்தார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். என் பிள்ளை இரண்டு நாள் தட்டைத் தொடவில்லை. அதன் பிறகு அங்கே போகவில்லை.

பஸ் ஸ்டாண்டிலும் மருந்துக்கடை வாசலிலும் காசு போட்டுப் பார்க்கும் மெஷின் பக்கம் போகவே வேண்டாம். அவள் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் அந்த அட்டைச் சீட்டுகள் பதினொன்று இருந்தன. ரப்பர் பேண்டு போட்டு, தேதி வரிசையாக. மூன்று சீட்டு ஒரே நாளில் எடுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் கைச்செலவுக்குக் கொடுத்த சில்லறை. திட்டவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது சீட்டுகளை அவளையே கொடுக்கச் சொன்னேன், கொடுத்தாள்.

சுகாதார நிலையத்துச் சிஸ்டர் வேறிடம் மாறிப் போன பிறகுதான் மெஷின் வாங்கினோம். முதலில் வாங்கியது முள் ஆடுகிற பழைய ஸ்பிரிங் மெஷின், 250 ரூபாய். முன்னால் சாய்ந்தால் ஒன்று காட்டும், பின்னால் சாய்ந்தால் வேறொன்று. அந்தக் காசு வீண். அப்புறம் 700 ரூபாய்க்குள் ஒரு சாதாரண டிஜிட்டல் மெஷின் வாங்கினோம், அது போதும். போனோடு இணைத்துக் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று படம் போட்டுக் காட்டும் மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்த நோய்க்கு அது தீனி. இன்னொன்றையும் கடையிலேயே பாருங்கள். சில மெஷின் அடுத்த முறை ஆன் செய்ததும் போன தடவை பார்த்த எடையைக் காட்டும். ஏறும் முன்பே அவள் கண்ணில் பட்டுவிடும். அந்த வசதி இல்லாததாக வாங்குங்கள்.

விலை உயர்ந்த மெஷின் சரியாகக் காட்டும் என்று நினைக்க வேண்டாம். நமக்கு வேண்டியது ஒரே மெஷின், ஒரே இடம், ஒரே நேரம். பாயின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும், கெட்டித் தரை வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் அதைக் கேஸ் சிலிண்டரை வைத்துச் சோதிப்பேன். சீல் உடைக்காத வீட்டுச் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை சிலிண்டரிலேயே குறித்திருக்கும். இரண்டையும் கூட்டினால் வருவதை மெஷின் ஏறக்குறையக் காட்ட வேண்டும். சிலிண்டர் போட வரும் தம்பியே தூக்கி வைத்து உதவுவார். எங்கள் மெஷின் ஒவ்வொரு முறையும் 200 கிராம் கூட்டித்தான் காட்டும். எப்போதும் அதே 200 என்பதால் எனக்குக் கவலையில்லை.

பார்த்து முடித்ததும் பேட்டரியைக் கழற்றி என் பட்டன் டப்பாவில் போட்டுவிடுவேன். சின்ன வட்டப் பேட்டரி, கோட்டு பட்டன்களோடு கலந்துவிடும். மெஷின் என் தையல் துணி மூட்டைக்கு அடியில் போகும். ஒளித்து வைக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லித்தான் செய்தேன். "நடுவுல பாக்கணும்னு தோணும்மா, அந்த நேரம் அது கையில கிடைக்காம இருந்தா நல்லது" என்று அவளே ஒருநாள் சொன்னாள்.

காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, ஒன்றும் குடிக்காமல் சாப்பிடாமல், குளிக்கும் முன்பு பார்க்க வேண்டும். ஈரத் தலைமுடிகூட எடையைக் கூட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் சரியாக ஒரு கிலோ. எடை ஏறியதாகக் காட்ட வேண்டும் என்ற பயத்தில் சில பிள்ளைகள் முன்னாடியே நிறையத் தண்ணீர் குடித்துவிடுவார்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகிற ஆபத்து அது. எங்கள் வீட்டிலும் ஒருமுறை நடந்தது. நான் போலீஸ்காரி மாதிரி கேள்வி கேட்கவில்லை. "பயமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன். அழுதாள். அன்றைக்கு எடையே எழுதவில்லை, டாக்டரிடம் நடந்ததைச் சொன்னோம்.

எண்ணை எழுதுவது என் அளவு நோட்டில், கடைசிப் பக்கத்தில். தேதி, எண், பக்கத்தில் ஒரு வரி: மாதவிலக்கு, மலச்சிக்கல், முந்தின நாள் கல்யாணச் சாப்பாடு, இப்படி. ஒரு வாரத்து எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. தண்ணீர், உப்பு, வயிறு போகாதது என்று எல்லாமாகச் சேர்ந்து ஒரே நாளில் ஒன்று இரண்டு கிலோ அப்படி இப்படி ஆகும். நான்கு வியாழக்கிழமையைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும். சாப்பிடத் தொடங்கிய முதல் வாரங்களில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்ததால் சடசடவென்று ஏறியது. அது சதை இல்லை என்று டாக்டர் அவளிடம் படம் போட்டு விளக்கினார். அந்த நேரத்தில் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி நின்றது. அப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

எண்ணைப் பிள்ளைக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து பார்த்து, அந்தப் பயத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் டாக்டர் முதலில் மறைத்து, பிறகு தன் எதிரிலேயே காட்டலாம் என்றார். உங்கள் டாக்டர் எதைச் சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள். ஒரே வீட்டுக்குள் பாட்டிக்கு ஒன்று அப்பாவுக்கு ஒன்று என்று மாற்றாதீர்கள்.

எடையை விட எனக்கு நம்பிக்கை கொடுத்தவை வேறு. கை விரல் நுனி சில்லென்று இருந்தது மாறியது. மாடி ஏறி வந்து உட்காராமல் நின்றே பேசினாள். நின்றுபோன மாதவிலக்கு திரும்பி வந்தது. தம்பியோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டாள். இதையெல்லாம் அதே நோட்டில் எழுதினேன். முடி மட்டும் சாப்பிடத் தொடங்கிய பிறகும் சில மாதம் கொட்டியது. அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார்கள்.

நாடியை மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிஷம் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்குச் செலவே இல்லை. விழித்திருக்கும்போது 50-க்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, மயக்கம், நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு வந்தாலோ, வியாழக்கிழமை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எடை நன்றாக இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சாகத் தோன்றுகிறது என்று பிள்ளை சொன்னாலும் அப்படித்தான். தனியாக விடாமல் உடனே கிளம்புங்கள்.

தையல்காரியாக எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். உடம்பு தேறும்போது பழைய துணி இறுக்கும், அந்த இறுக்கமே பிள்ளைக்கு இன்னொரு எடை மெஷின். பழைய சுடிதாரை எல்லாம் கட்டி அவள் கண்ணில் படாமல் எடுத்துவிட்டேன். புதிதாக மூன்று செட் தைத்தேன். இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைத்தேன், பேண்டுக்கு நாடா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவள் காலேஜ் போனபின் ஒரு வரி தையலைப் பிரித்துவிடுவேன். கடையில் வாங்கினால் அளவுச் சீட்டு இருக்கும், வீட்டில் தைத்தால் அது இல்லை. உங்களுக்குத் தைக்கத் தெரியாவிட்டால் தெருவில் இருக்கும் டெய்லரிடம் உள்ளே துணி விடச் சொல்லுங்கள், கூடுதலாக அரை மீட்டர்தான் ஆகும். இஞ்ச் டேப்பால் மட்டும் பிள்ளையின் உடம்பை அளக்காதீர்கள். நான் அவளுக்குத் தொளதொளவென்றிருக்கும் பழைய நைட்டியை வைத்துத்தான் அளவு எடுத்தேன்.

சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே போன் போடுங்கள். "நல்லா உடம்பு வச்சிட்டியே", "இப்பதான் பாக்க லட்சணமா இருக்க" என்று நம் ஊரில் ஆசையாகத்தான் சொல்வார்கள். என் நாத்தனாரின் வளைகாப்புக்கு எல்லாரும் வரும் முன்னே ஒவ்வொரு அத்தைக்கும் நானே சொன்னேன்: "அவ உடம்பைப் பத்தி நல்லதோ கெட்டதோ ஒண்ணும் பேச வேண்டாம் அண்ணி. படிப்பைக் கேளுங்க, போதும்." இரண்டு பேர் மறந்துவிட்டார்கள். மற்றவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

போன மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுவில் வரும் வியாழக்கிழமை காலை இப்போது வெறுமையாக இருக்கிறது. நான் பழக்கத்தில் பட்டன் டப்பாவைத் திறந்து பேட்டரியை எடுத்துவிட்டேன். "அம்மா, இன்னைக்கு இல்ல" என்று மகள்தான் அடுப்படியிலிருந்து சொன்னாள், வாயில் இட்லியோடு.